பத்து சென்ட் கொடுத்துப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கிராமத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். மதிப்பெண் எவ்வளவு, எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம் கட்ட வேண்டும். அடுத்த வாரம் பட்டாவை எடுத்துக்கொண்டு வங்கிக்கும், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கும் அலைச்சல் தொடங்கிவிடும். சில வீடுகளில் கறவை மாட்டுக்கு விலை பேசப்படும். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ, அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: "உனக்கு என்னதான்டா பிடிக்கும்?"

பெரும்பாலும் வரும் பதில், "தெரியலப்பா."

இதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. "இத்தனை வருஷம் படிச்சும் இதுகூடத் தெரியலையா?" என்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், டியூஷன். விடுமுறை நாளில் வயல் பக்கம் வந்தால் "வெயில்ல நிக்காத, போய்ப் படி" என்று விரட்டியதும் இதே அப்பாதான். பிடிக்கிறதா இல்லையா என்று சொல்ல, எதையாவது செய்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

புதிதாக ஒரு நெல் ரகம் வந்தால், எந்த விவசாயியும் மூன்று ஏக்கரிலும் அதையே நட்டுவிடுவதில்லை. முதலில் ஓரமாகப் பத்து சென்டில் நட்டுப் பார்க்கிறார். தூர் எப்படிக் கட்டுகிறது, காற்றுக்குச் சாய்கிறதா, குலைநோய் தாங்குகிறதா, அரிசி சோற்றுக்கு எப்படி இருக்கிறது என்று எல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த பருவத்தில் பரப்பைக் கூட்டுகிறார். விதை விஷயத்தில் இவ்வளவு நிதானமாக இருப்பவர், பிள்ளையின் தொழில் விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பு என்பதற்காக மொத்த நிலத்தையும் ஒரே நாளில் ஈடு வைத்துவிடுகிறார். அந்த நான்கு ஆண்டுப் படிப்பு பிடிக்காமல் போனால், திரும்பி வரும்போது நிலமும் இருக்காது.

பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டு, அதன்பிறகு வேலையில் இறங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. இதற்கு நாடறிந்த சாட்சி ஒன்று உண்டு. வெண்மைப் புரட்சிக்குக் காரணமான வர்கீஸ் குரியன் 1921இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும், கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியலும் படித்தார். பாலும் மாடும் அவர் நினைப்பிலேயே இல்லை. அமெரிக்கா சென்று படிக்க அரசு உதவித்தொகை கொடுத்தது பால்பண்ணைப் பொறியியலுக்கு. அவருக்கோ உலோகவியலில்தான் நாட்டம். உதவித்தொகைக்கு ஈடாக அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின்படி 1949இல் குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். ஊர் பிடிக்கவில்லை. தங்க வீடு கிடைக்காமல் ஒரு கார் கொட்டகையில் தங்கினார். எப்போது இங்கிருந்து கிளம்பலாம் என்பதே அவர் சிந்தனையாக இருந்தது.

பக்கத்திலேயே கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவை பழைய இயந்திரங்கள், அடிக்கடி நின்றுபோகும். சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் உதவி கேட்பார், குரியன் போய்ப் பழுது பார்ப்பார். அரசுப் பணியிலிருந்து விடுபட்டு அவர் மூட்டை கட்டிய நேரத்தில், புது இயந்திரத்தை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகும்படி படேல் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் என்று தங்கியவர், 2012இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. எருமைப் பாலில் பால் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிவந்த காலத்தில், உடன் பணியாற்றிய தலாயாவின் முயற்சியால் 1955இல் ஆனந்தில் அதற்கான ஆலையே வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, குரியனுக்குப் பால் குடிக்கவே பிடிக்காது. பழுது பார்க்கப் போன இடத்தில், அந்த விவசாயிகளோடு சேர்ந்து செய்த வேலைதான் அவருக்குப் பிடித்துப்போனது.

அந்தப் பத்து சென்ட்

ஆனந்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்த வீட்டிலேயே சோதனை வயல் இருக்கிறது. பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. நிலம் குறைவாக இருந்தால் ஐந்து சென்ட் போதும். நிலமே இல்லாத வீட்டில் ஒரு ஓலைக் கொட்டகை, இரண்டு ஆடு, பத்துக் கோழி என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தரலாம். பிளஸ் டூ முடிவுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மாதமும் வீணாகப் போக வேண்டியதில்லை.

ஆனால் கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. "இந்தா, இதுல வெண்டை போடு, நான் சொல்றப்ப தண்ணி கட்டு" என்றால் அது பிள்ளையின் நிலம் ஆகாது, கூலி இல்லாத வேலை. என்ன போடுவது, எப்போது பறிப்பது, யாரிடம் விற்பது என்ற மூன்று முடிவும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். விதைக்கு 500 ரூபாய் கொடுத்தால் கடன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், விற்றதும் திருப்பி வாங்க வேண்டும். மீதிப் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போக வேண்டும், வீட்டுச் செலவில் கரையக் கூடாது. ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, செலவு, வரவு என நான்கு பத்தி போட்டு அன்றன்றைக்கு எழுதிவர வேண்டும். நஷ்டம் வந்தால் நோட்டிலேயே நிற்கட்டும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை அந்த ஒரு பருவத்துக்கு வீட்டில் கேட்கக் கூடாது. இதுதான் பெற்றோருக்கு எல்லாவற்றிலும் கடினமான வேலை.

சீக்கிரம் முடிவு தெரியும் பயிராக எடுப்பது நல்லது. முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். தக்காளி நாற்று குழித்தட்டில் 25 நாளில் நடவுக்குத் தயாராகும், மிளகாய் நாற்றுக்கு இன்னும் பத்து நாள் கூடுதலாக வேண்டும். 98 குழி உள்ள ஒரு தட்டு, தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் விதை, நிழல்வலை இருந்தால் நாற்றங்கால் தொடங்கிவிடலாம். சிப்பிக் காளானுக்கு நிலமே வேண்டாம். அரைக் கிலோ காய்ந்த வைக்கோலில் போட்ட ஒரு படுக்கை ஏறத்தாழ அரைக் கிலோ காளான் தரும். விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் முதல் அறுவடை வந்துவிடும். காளான் வித்தும் பயிற்சியும் வேளாண் அறிவியல் நிலையங்களில் கிடைக்கின்றன. நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பரவலாக இருக்கின்றன. இருந்தும் பிள்ளையை ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போன அப்பாக்கள் குறைவு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் தூரம்கூட இருக்காது.

லாபத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும்

முதல் பருவத்தில் எவ்வளவு மிச்சம் என்பது பெரிதல்ல. சொல்லாமலே பிள்ளை எதைச் செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே காளான் கொட்டகையில் நான்கு பிள்ளைகளை விட்டால் நான்கு விதமாக நடந்துகொள்வார்கள். ஒருத்தி சாக்கு காய்ந்துவிட்டதா என்று இரவில்கூட எழுந்து போய்ப் பார்ப்பாள், எந்தப் படுக்கையில் பச்சைப் பூசணம் வந்தது, ஏன் வந்தது என்று குறித்து வைப்பாள். அவளுக்குக் கவனிப்பிலும் காரணம் தேடுவதிலும் நாட்டம். இன்னொருவனுக்குக் கொட்டகைக்குள் பொறுமை கிடையாது. ஆனால் முதல் அறுவடைக்கு முன்பே கடைத்தெருவில் இரண்டு ஓட்டலிலும் ஒரு மளிகைக் கடையிலும் பேசி முடித்திருப்பான். மூன்றாவது பிள்ளை, தண்ணீர் தெளிக்கும் கைத்தெளிப்பானைப் பிரித்துப் போட்டு, மோட்டாரோடு இணைத்து, தானாகத் தெளிக்கும்படி ஏதோ செய்துகொண்டிருக்கும். நான்காவது, நோட்டை எடுத்து, "ஒரு படுக்கைக்கு நமக்கு எவ்வளவு அடக்கம் ஆகுதுன்னு யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்கும்.

காளானை மட்டும் பார்த்தால் இதில் முதல் பிள்ளைதான் தேறியது போலத் தெரியும். உண்மையில் நான்கு பேருக்குமே தொழில் இருக்கிறது. வழிகள்தான் வேறு வேறு.

கவனிக்கும் பிள்ளைக்குப் படிப்பு வழி திறந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பல பிள்ளைகளின் பெற்றோருக்கு இது தெரியாமலேயே கடைசித் தேதி போய்விடுகிறது. பட்டத்துக்கு மதிப்பெண் எட்டாவிட்டால் இரண்டு ஆண்டு வேளாண் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதைச் சிலர் மட்டமாகப் பேசுகிறார்கள். கிராமத்துக்கு வந்து விவசாயியோடு வரப்பில் நிற்கும் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு அந்தப் பட்டயம்தான் தகுதி.

மாட்டோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மருத்துவப் பட்டம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். சினை ஊசி போடும் பணிக்கு மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி போட வேண்டும். ஒரு தடவை தவறினால் விவசாயிக்கு 21 நாள் தீவனச் செலவு வீண். ஆகவே சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆளைக் கிராமம் கைவிடுவதே இல்லை.

பிரித்துப் போடும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. டிராக்டர் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் படிப்பு. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் களையெடுக்கும் பவர் வீடரும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. அறுவடை நேரத்தில் பெல்ட் அறுந்து இயந்திரம் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிரோன் ஓட்டப் பல இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால், அனுமதி பெற்ற நிறுவனத்தில் பயிற்சி எடுத்துச் சான்று பெறலாம். பத்து லிட்டர் மருந்தில் ஓர் ஏக்கரை ஏறத்தாழ பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் டிரோன் பல லட்சம் ரூபாய், பேட்டரிக்குத் தனிச் செலவு, தெளிப்பு வேலையும் ஆண்டு முழுவதும் இருக்காது. இன்னொருவரின் டிரோனை ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடன் வாங்குவது நல்லது.

விற்கத் தெரிந்த பிள்ளையையும் கணக்குக் கேட்கும் பிள்ளையையும் விவசாயக் குடும்பங்கள் இதுவரை சரியாக மதித்ததில்லை. விளைவிப்பவர்தான் விவசாயி, விற்பவர் தரகர் என்றே பழகிவிட்டது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இன்று முதலில் தேவைப்படுவது இந்த இரண்டு வகை ஆட்களும்தான். கொள்முதல், தரம் பிரித்தல், ஜி.எஸ்.டி. கணக்கு, வெளியூர் வியாபாரியோடு பேச்சு எல்லாவற்றுக்கும் படித்த பிள்ளை வேண்டும். பி.காம். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை, பக்கத்து ஊரில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தால் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

வேளாண் பட்டமோ பட்டயமோ முடித்தவர்கள் சொந்தமாகத் தொடங்க 2002 முதல் மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சியும், வங்கிக் கடனில் தொடங்கும் தொழிலுக்கு 36 சதவீத மானியமும் உண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம். படிப்பு இல்லாதவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் மாடு வளர்ப்பு முதல் மோட்டார் பழுது வரை இலவசப் பயிற்சி தருகிறார்கள். மானியம் வருகிறது என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது. மானியம் ஒரு தடவைதான் வரும், கடன் தவணை மாதா மாதம் வரும்.

கையில் காசு இல்லாத உழைப்பாளி

இளைஞர்களுக்கு விவசாயம் பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு கணக்கைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். இருபத்தைந்து வயது மகன் அப்பாவின் மூன்று ஏக்கரில் காலை முதல் மாலை வரை உழைக்கிறான். பட்டா தாத்தா பெயரில், பயிர்க்கடன் அப்பா பெயரில், பால் பணம் அம்மா கையில். சட்டை வாங்க, பெட்ரோல் போட, நண்பன் கல்யாணத்துக்கு மொய் வைக்க அப்பாவிடம் கை நீட்ட வேண்டும். அதே வயது நண்பன் திருப்பூரிலோ ஓசூரிலோ மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்கும் அனுப்புகிறான். இந்த மகன் ஊரை விட்டுப் போனால், மண் பிடிக்காமல் போனான் என்று சொல்ல முடியுமா?

பெண் கேட்டுப் போகும்போதும் இதே சிக்கல்தான். "பையன் விவசாயம் பார்க்கிறான்" என்றால் பெண் வீட்டார் முகம் சுருங்குகிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெண்ணின் தகப்பனும் விவசாயிதான், பையனின் கையில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "இந்த ஒன்றரை ஏக்கர் பையன் பொறுப்பு, நாற்றுப்பண்ணை அவன் பெயரில் நடக்குது, போன வருஷக் கணக்கு நோட்டு இதோ" என்று எடுத்து வைக்க முடிந்த வீட்டில் பேச்சு வேறு திசையில் போகிறது.

நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அப்பா மகனுக்கு ஒரு பகுதியை எழுத்து மூலம் குத்தகைக்கு விடலாம். விவசாயக் கடன் அட்டைக்குக் குத்தகைதாரர்களும் வாரத்துக்குப் பயிர் செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அதுவும் முடியாது என்றால் மாதம் இவ்வளவு என்று சம்பளம் பேசிக் கணக்கில் போடலாம். வெளியாளுக்குக் கூலி கொடுக்கிற வீட்டில் மகனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

மகளுக்கும் இதே பத்து சென்ட் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989லேயே கொண்டுவந்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் "அவ இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. நாற்று, காளான், ஆடு என்று கற்ற தொழில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவளோடு போகும், நகையைப் போல அடகுக்கும் போகாது.

ஆசை காட்டுபவர்கள்

தொழில் தேடும் இளைஞரைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். "ஒரு லட்சம் போடுங்க, குஞ்சும் தீவனமும் நாங்களே தர்றோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கறோம், மாசா மாசம் பணம்" என்பதுதான் பேச்சு. கொங்கு மண்டலத்தில் ஈமு கோழி வளர்ப்பு 2012இல் எப்படி முடிந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வூதியப் பணத்தையும் நிலம் விற்ற பணத்தையும் போட்டவர்கள் கடைசியில் பறவைகளுக்குத் தீனி போடவும் வழியில்லாமல் நின்றார்கள். இன்றைய இளைஞருக்கு அந்தக் கதை தெரியாது, பெயர் மாறி வேறு பொருளாக வந்தால் நம்பிவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கம்பெனியைத் தவிர இந்தப் பொருளை வேறு யார் வாங்குவார்கள்? உள்ளூர்ச் சந்தையில் பத்துப் பேர் வாங்கும் பொருள் என்றால் யோசிக்கலாம். கம்பெனிதான் வாங்கும் என்றால் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும்.

செல்போன் வீடியோக்களும் இதே கதைதான். ஒரு ஏக்கரில் பல லட்சம் வருமானம் என்று காட்டுபவர் விற்ற விலையைச் சொல்வார், செத்துப்போன குஞ்சுகளையும் விற்காமல் வாடிய சரக்கையும் சொல்ல மாட்டார். வீடியோ பார்ப்பது தப்பில்லை. பார்த்ததைப் பத்து சென்டில் செய்து, தன் நோட்டில் கணக்கு எழுதிய பிறகு நம்பலாம்.

இரண்டு பருவம் செய்து பார்த்தும் பிள்ளைக்கு வயலும் மாடும் ஒட்டவே இல்லை என்றால், அதுவும் சோதனையில் கிடைத்த முடிவுதான். கணினியோ நர்சிங்கோ ராணுவமோ, அது விரும்பும் வழிக்கு அனுப்பலாம். படிக்க வைக்க நிலத்தை விற்பதற்கு முன் கல்விக் கடனை விசாரிக்க வேண்டும். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் கிடைக்க வழி உண்டு. ஒரு மேலாளர் மறுத்தால் இன்னொரு வங்கிக் கிளையையும் வித்யாலட்சுமி இணையதளத்தையும் பார்க்கலாம். அப்படிப் போன பிள்ளை பத்து ஆண்டு கழித்து, கையில் சேமிப்போடும் வேறொரு அனுபவத்தோடும் திரும்பி வந்து பண்ணை போடுவதும் இப்போது நடக்கிறது. திரும்பி வர நிலம் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்குவதற்குக் கீரையைவிடச் சுலபமானது இல்லை. பத்து சென்டுக்கு முளைக்கீரை விதை 100 கிராம் போதும். விதை பொடியாக இருப்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். அடி உரமாக மட்கிய தொழுவுரம், விதைத்த அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர். ஒரே நாளில் பத்து சென்டையும் விதைக்காமல், ஐந்து நாளுக்கு இரண்டு சென்ட் என்று பிரித்து விதைத்தால் 25ஆம் நாளிலிருந்து விட்டு விட்டு அறுவடை வரும், விற்கவும் தெம்பாக இருக்கும். கட்டு என்ன விலை என்பதைப் பிள்ளையே சந்தையில் போய்க் கேட்டு வரட்டும்.